மலையில் அடிக்கும் சோளகம்

அன்புள்ள அத்தான்,

நீங்கள் இருக்கும் இடத்தில் காற்று எப்படி? இங்கே தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கத் தொடங்கிவிட்டது. தொண்டைமானாற்றுத் தெருவெல்லாம் புழுதி. அக்கா காலையில் கூட்டிய முற்றத்தை மத்தியானம் மறுபடியும் கூட்டுகிறார். காற்று மாறினால் கரையில் நின்று அதைப் பற்றி ஏதாவது சொல்ல இப்போது ஆளில்லை.

நீங்கள் போய் ஒரு வருடம், உங்கள் ஆட்டைத் திவசம் போன கிழமை நல்லபடி முடிந்தது. அதுவரை கோயில் குளம் என்று வாசல் தாண்டாமல் இருந்த வீட்டில், மறுநாளே உங்கள் மகள் சுகந்தி தொடங்கிவிட்டாள். "மாமா, நான் சிவனொளிபாதமலைக்குப் போகப்போறன். நீங்களும் வாங்கோ." ஆனியில் அவள் கனடாவுக்குப் பயணம். அப்பா பாதியில் விட்ட மலையை ஏறாமல் போகமாட்டாளாம். வைகாசிப் பௌர்ணமி வெசாக்கோடு மலையேறும் பருவம் முடிகிறது, இனி மிச்சம் கடைசிக் கிழமைதான். அக்கா வேண்டவே வேண்டாம் என்று மறித்தார்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? நீங்களும் நானும் போனதும் இதே கடைசிக் கிழமைதானே. நான் குடையை எடுக்க நீங்கள் சிரித்த சிரிப்பு! "சோளகத்துக்கு ஆரடா குடை பிடிக்கிறவன்? ஒரு துளி விழாது. வை உந்தக் குடையை." வாழ்நாளெல்லாம் கடலுக்குப் போன மனிதர் சொன்னால் யார் மறுப்பது? இரத்தினபுரிப் பக்கத்து நீளப் பாதையைப் பிடித்ததும் நீங்கள்தான். கிட்டின பாதையாலை போனால் சாமி மதிக்காது என்றீர்கள்.

அங்கேயும் அதே சோளகம்தான் அடித்தது, அத்தான். ஆனால் தண்ணீரோடு அடித்தது. மத்தியானத்துக்குள் முகில் இறங்கி, முன்னால் போன உங்கள் முதுகே எனக்குத் தெரியவில்லை. படியெல்லாம் வெள்ளம், காலெல்லாம் அட்டை. தேநீர்க் கடைகளில் பாதியைக் கழற்றிவிட்டார்கள். கடலில் நனைந்தே பழகிய நீங்கள் மிச்சமிருந்த ஒரு கடையில் பல் கிடுகிடுக்க உட்கார்ந்தீர்கள்.

கடைக்காரர் உங்களுக்குச் சாக்கைப் போர்த்திவிட்டுச் சிரித்தார். "யாழ்ப்பாணத்து ஆளுங்களா? இந்தக் காத்து இங்க எல்லாத்தையும் ஊத்திட்டுத்தானே உங்க பக்கம் காய்ஞ்சு வருது."

உங்களுக்கு வந்த கோபம்! "இவ்வளவு காலமும் உவன் என்னை ஏமாத்திப் பேய்க்காட்டியிருக்கிறான், பாத்தியே" என்று காற்றையே ஏசினீர்கள். பிறகு இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். அங்கிருந்தே திரும்பி இறங்கினோம். தை மாதம் வருவோம் என்றீர்கள். பிறகு எத்தனை தை வந்து போனது! தொழில்தான் விடவில்லையா, அல்லது உங்களுக்கு மலை மேல் பயம் பிடித்துவிட்டதா? கடைசிவரை சொல்லவில்லையே.

சுகந்தி நம் வானத்தைப் பார்ப்பதே இல்லை. போனில் மலையின் வானத்தைத்தான் பார்க்கிறாள். காலையில் வெளிக்கும், மத்தியானத்துக்குப் பின் மழை என்கிறாள். அதனால் கிட்டின பாதைதான், விடியமுன் ஏறி மத்தியானத்துக்குள் இறங்கிவிட வேண்டும். மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, பொலித்தீன் பைக்குள் மாற்றுடுப்பு, அட்டைக்குக் காலில் பூசச் சவர்க்காரம், எல்லாம் கட்டியாகிவிட்டது. குடை மட்டும் வேண்டாமாம், காற்று பறித்துவிடுமாம். பார்த்தீர்களா, குடை விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி.

உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனை தரம் ஏறினோமோ அத்தனை தரம் அடிப்பது வழக்கம். "அப்பாவுக்கும் ஒண்டு சேத்து அடிக்கலாமோ, மாமா?" என்று நேற்றுக் கேட்டாள். நீங்களே சொல்லுங்கள், அடிக்கலாமா?

அக்கா இரண்டு பேரோடும் கதைக்காமல் இருந்தார். இன்று காலை என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்த மனுசன் நடுங்கிக்கொண்டு வந்து படலையைத் திறந்தது இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது. எனக்கு உச்சியும் வேண்டாம், மணியும் வேண்டாம். பிள்ளையைக் கொண்டுவந்து தா."

ஆகவே அத்தான், உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். முகில் இறங்கினால், மணி கண்ணெதிரே தெரிந்தாலும் அவளைத் திருப்பிக்கொண்டு இறங்குவேன். அழட்டும், ஏசட்டும், என் முகத்தைப் பார்க்காமலே கனடாவுக்குப் போகட்டும். ஆனால் அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் போவாள்.

உங்களோடு நனைந்த மைத்துனன்,
குகன்