அன்றைக்குக் காற்று இல்லை

மார்ச் 11, செவ்வாய், காலை 10.40. இருபத்து மூன்றாவது தடவை.

மாமா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. அக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இன்றைக்கும் அதேதான். முதலில் வெல்டிங் பொறி மாதிரி ஒரு மினுக்கல், அப்புறம் ரம்பப்பல் கோடு, அப்புறம் இடப் பக்கம் பாதி உலகத்தையே காணோம். இருபது நிமிஷத்தில் பார்வை திரும்பிவிடும். வலது கண்ணுக்குப் பின்னால் மண்டையிடி ஆரம்பிக்கும். "கண்ணில் பழுதில்லை, ஒற்றைத் தலைவலி மூளைக்குள் பண்ணுகிற வேலை" என்று கண் டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்?

நரம்பு டாக்டரிடம் காட்டத்தான், ஒவ்வொரு தடவையும் வந்ததைக் குறித்து வைத்த என் நோட்டைக் கொடுத்தேன். நீங்கள் பாதுகாப்பு அதிகாரி மேஜையில் வைத்தீர்கள். கிரேன் சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது ஸ்டோரில் போல்ட் எண்ணுகிறேன். இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். கூட இருந்தே குழி பறித்தீர்கள்.

உங்கள் மச்சினன்

மார்ச் 12

அன்பு மாப்ளே,

கோபத்துலயும் மணி பாத்து எழுதுற ஆள் நீ ஒருத்தன்தான்.

பார்வை மங்கினா லிவரை விட்டுக் கையை எடுத்துடுவேன்னு சொன்னே. நம்பினேன். டாக்டர் வாசல்ல உக்காந்து நோட்டைப் புரட்டினேன். பதினேழாவது தடவை: "இடப் பக்கம் தெரியவில்லை. சிக்னல்காரரின் இடது கை மட்டும் தெரிகிறது. இறக்கி முடித்தேன்."

அந்தச் சிக்னல்காரன் நான்தாண்டா! வலது கையைத் தூக்கி 'நிறுத்து'ன்னு காட்டிக்கிட்டே இருந்தேன். மூணு டன் தகடு என் தலைக்கு மேலயே இறங்குச்சு. எகிறிக் குதிச்சேன், பொழச்சேன். "காத்துல ஆடிடுச்சு மாமா"ன்னே. விசாரணையில, ஆமா காத்துதான்னு கையெழுத்துப் போட்டவன் யாரு? நான்.

முதல்ல உன்னைக் கேட்டிருக்கணும்தான். கேட்டிருந்தா இன்னொரு காத்து சொல்லியிருப்பே.

அக்கா சாப்பிட வரச் சொல்றா.

மாமா

மார்ச் 13, காலை 7.15. இன்று தலைவலி இல்லை.

மாமா,

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது ஆறவில்லை. ஆனால் அன்றைக்குக் காற்று இல்லை. கேபின் மேல் கொடி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்தேன். உங்கள் கையைத்தான் பார்க்கவில்லை.

இனி செய்யப்போவது:

1. எட்டரைக்கு அதிகாரியிடம் போய், பொய் என்னுடையது, மாமா நம்பிக் கையெழுத்துப் போட்டார் என்று எழுதிக் கொடுப்பேன்.
2. நரம்பு டாக்டரிடம் நானே போவேன்.
3. அக்காவிடம் தகடு விஷயத்தை நானே சொல்வேன். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.
4. சாப்பிட வரமாட்டேன். உங்கள் எதிரே உட்கார எனக்கு இன்னும் முகம் இல்லை. உங்களைப் பார்க்கப் பிடிக்கவும் இல்லை.
5. புது நோட்டு வாங்குவேன். உங்களிடம் தரமாட்டேன்.