நீ பாட்டில் மாற்றிய சொல்

தேற்றாத்தீவு
08.08.2010

என் அன்பு மகன் நிதுர்ஷனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

பிள்ளையாருடைய காவலில் நாங்கள் எல்லோரும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கதகதப்பாக உடுத்திக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தில் முதல் வரி சுகம் என்றுதான் இருக்க வேண்டும், அதனால் அப்படியே எழுதிவிட்டேன், மிச்சத்தை வாசித்துவிட்டு நீயே முடிவு செய். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போன் உன் அக்கா மேனுகாவின் கையில், நீ எடுக்கும் நேரம் அப்பாவும் பக்கத்தில் இருப்பார், நான் அழத் தொடங்கினால் நீ லைன் சரியில்லை அம்மா என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவாய். கடிதத்தை அப்படி முடிக்க முடியாது.

முதலில் வீட்டுப் புதினம். மேனுகாவின் சின்னவளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, ஓரிடத்தில் இருக்கிறாள் இல்லை, கோழிக்குப் பின்னால் ஓடி ஓடி இரண்டு முழங்காலிலும் காயம். மருமகன் உன்னிச்சைப் பக்கம் வாய்க்கால் கட்டும் வேலைக்குப் போகிறார், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். பெரிய மாமா அங்கே தன் வட்டை வயலில் இத்தனை வருசத்துக்குப் பிறகு விதைத்து, யானை தின்று மிச்சம் விட்டதில் நமக்கும் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். இந்த வெயிலுக்கு வாவியில் தண்ணீர் வற்றிவிட்டது, இறால் மட்டும் கொஞ்சம் படுகிறது. அப்பா இப்போதும் தோணியை வாவியில்தான் இறக்குகிறார். சுனாமிக்குப் பிறகு அவர் கடலுக்குத் தொழிலுக்குப் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். சண்டை முடிந்து ஒரு வருசம் ஆகிவிட்டது, றோட்டில் மறித்து இறக்குவதெல்லாம் குறைந்துவிட்டது, சத்தம் போடவே பயந்து கிடந்த ஊர் இப்போது ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கும் ஸ்பீக்கர் கட்டி இரவு வரைக்கும் பாட்டுப் போடுகிறது. நல்லதுதான் என்றுதான் நானும் இருந்தேன்.

உன் பாட்டும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. சித்திரை வருசம் முடிந்த கையோடு யாரோ இன்டர்நெட்டில் இருந்து எடுத்திருக்கிறார்கள், பிறகு ஒரு போனில் இருந்து அடுத்த போனுக்கு ஏறி ஊரெல்லாம் பரவிவிட்டது. நான் முதலில் கேட்டது களுவாஞ்சிக்குடிக்குப் பிரஷர் மருந்து எடுக்கப் போன பஸ்ஸில். பின் சீற்றில் இருந்த பொடியன்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள், பக்கத்தில் இருந்த மனிசி இது உங்கட மகன் சுவிஸில் இருந்து பாடிய பாட்டாமே என்று கேட்டா. ஓம் என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பஸ் இரைச்சலில் சொல்லொன்றும் விளங்கவில்லை, குரல் மட்டும் உன்னுடையது என்று தெரிந்தது, அதுவே போதும் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து மேனுகாவிடம் போடச் சொன்னேன். நானும் அவளும் அடுப்படியில் இருந்து கேட்டோம். சிகரட்டைப் பற்ற வைத்தால் கவலை புகையாகப் போகும் என்று நீ பாடினபோது மேனுகா சிரித்தாள், சும்மா பாட்டுத்தானே அம்மா என்றாள். பிறகு அந்த வரி வந்தது. "குடிச்சாத்தான் அவள் வாறாள், இன்னொண்டு ஊத்துடா மச்சான்." மேனுகா உடனே போனை அமத்திவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அது யாருடைய வாய்ச்சொல் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை மகன், ஆனாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. உன் தங்கச்சி பிரஷாந்தி சிநேகிதி வீட்டுக்கு என்று கடற்கரைப் பக்கம் போன அந்தச் சுனாமி ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, அவளுடைய உடம்பும் கிடைக்காமல், அப்பா ஒவ்வொரு நாளும் கசிப்புச் சாராயத்தைக் கொண்டுபோய்க் கரையில் இருந்து குடித்தார். அவரை எழுப்பிக் கூட்டிவரப் போனது நீதான். மீசைகூடச் சரியாக முளைக்காத வயதில் அவருடைய கையை உன் தோளில் போட்டுக்கொண்டு மணலில் இழுத்து இழுத்து வருவாய். வா அப்பா என்று நீ கூப்பிட, குடிச்சாத்தான் மகள் வாறாள், இன்னொண்டு ஊத்துடா என்று அவர் உன்னிடமே கெஞ்சுவார். நீ வீட்டுக்கு வந்து அவரைப் பாயில் கிடத்திவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் கிணற்றடிக்குப் போய்க் குளிப்பாய். உன்னைச் சுவிஸுக்கு அனுப்பும் வரைக்கும் இதுதான் நடந்தது. நீ போன அடுத்த வருசம் சின்னவள் பிறந்தபோது, வாயில் மணத்தோடு வந்தால் பிள்ளையைக் கையில் தரமாட்டேன் என்று மேனுகா சொல்லிவிட்டாள். அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார், அன்றோடு விட்டார். எப்படி விட்டார் என்று யாருக்கும் தெரியாது, நானும் கேட்டதில்லை. நீ அந்தச் சொல்லை எடுத்து, மகள் என்பதை அவள் என்று மாற்றி, மேளமும் தாளமும் வைத்து ஆட விட்டுவிட்டாய்.

பாட்டைக் கேட்டு ஒருவரும் குடிகாரர் ஆவதில்லை என்று நீ சொல்வாய். அப்பா எந்தப் பாட்டையும் கேட்டுக் குடிக்கத் தொடங்கவில்லை, அது எனக்கும் தெரியும். நான் இளமையாக இருந்த காலத்திலும் படத்தில் காதல் தோற்றவன் போத்தலோடு பாடினான், நாங்களும் பார்த்துவிட்டு வந்து சோறு ஆக்கினோம். ஆனால் இப்போது வருகிற பாட்டுகளில் சந்தோசத்துக்கும் போத்தல், துக்கத்துக்கும் போத்தல், சும்மா இருந்தால் ஒரு சிகரட். போதை வராதவன் ஆம்பிளையே இல்லை என்பதுபோலப் பாடுகிறார்கள். தடுப்பு முகாமில் இருந்து விடுபட்டு வந்த பொடியன்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாது. வேலை இல்லை, சண்டையில் கண்டதைச் சொல்ல ஆளில்லை, பகல் முழுக்க மதகில் குந்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு உன் பாட்டு ஒரு துணை மாதிரி, அதைப் போட்டுக்கொண்டுதான் போத்தலைத் திறக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. குடியை விட்ட ஒரு மனிசனைத் திரும்பக் கூப்பிட ஒரு வரி போதும் என்பதைத்தான் சொல்கிறேன்.

நானும் மேனுகாவும் அப்பாவின் காதுக்குப் போகாமல் மறைக்கப் பார்த்தோம். ஊரே பாடுகிற பாட்டை எப்படி மறைப்பது? மகன் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறானாம், எனக்கு ஒருக்காப் போட்டுக் காட்டு என்று அவர் மேனுகாவிடம் கேட்பார், அவள் போனில் சார்ஜ் இல்லை என்பாள். ஆனி மாதக் கடைசியில் அழகரத்தினம் மகளுக்குக் கலியாணம் வைத்தார், நீயும் அவருடைய தோப்பில் விளையாடி வளர்ந்தவன்தானே. போகாமல் இருக்க முடியாது. சாப்பாடு முடிந்ததும் பொடியன்கள் உன் பாட்டைப் போட்டார்கள், மாமா உங்கட மகன்ட பாட்டு என்று அப்பாவைக் கையில் பிடித்து நடுவில் கொண்டுவந்து விட்டார்கள். அவர் எவ்வளவு சந்தோசப்பட்டார் தெரியுமா மகன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையைத் தட்டினார். உன் குரல் அவ்வளவு பெரிதாக வந்ததும் சுற்றிச் சுற்றி எல்லோருடைய முகத்தையும் பார்த்தார், கேட்கிறீர்களா என்பதுபோல. அந்த வரி வந்ததும் அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. நான் பொம்பிளைகளுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருக்காப் போடுங்க என்றார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து விசிலடித்துத் திரும்பப் போட்டார்கள். இந்த முறை அவர் ஆடவுமில்லை, தட்டவுமில்லை. பாட்டு முடிந்ததும் ஒரு வாத்தியார் பிழை திருத்துவதுபோல மெதுவாகச் சொன்னார்.

"அதில ஒரு சொல்லுப் பிழை இரிக்கி தம்பி. அவள் இல்ல. மகள்."

பொடியன்களுக்கு அது என்னவென்று தெரியாது. சுனாமி வந்தபோது அவர்களில் பாதிப் பேர் சின்னப் பொடியன்கள், மற்றவர்கள் வேறு ஊர். மாமா புதுசாகச் சொல்லித் தருகிறார் என்று சிரித்துக்கொண்டு, அடுத்த முறை மகள் வாறாள் என்று சேர்த்துப் பாடி ஆடினார்கள். யாரோ அப்பாவின் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கினார். குடித்தார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து போன கிழமை வரைக்கும் நாங்கள் பட்ட பாட்டை எழுத எனக்குக் கை வரவில்லை. பழையபடி கரைக்குப் போய்விட்டார், தோணி வாவியில் கவிழ்ந்தபடி கிடந்தது. மேனுகா சொன்ன சொல் மாறாமல் சின்னவளைத் தூக்கிக்கொண்டு புருசனுடைய தாய் வீட்டுக்குப் போய்விட்டாள், நான் தடுக்கவில்லை. இப்போது அவரைக் கூட்டிவர நீயும் இல்லை. ஒரு நாள் காலையில் ஏறாவூர் முகைதீன்பாவாதான் தன் ஐஸ் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார், உனக்கு ஞாபகம் இருக்கும், சுனாமிக்கு முதல் அப்பாவிடம் மீன் எடுத்தவர். ஒருநாளும் குடிக்காத மனிசன், அப்பாவின் வாயையும் சட்டையையும் தன் தோளில் கிடந்த துவாயால் துடைத்துவிட்டார். போகும்போது என்னிடம், தன்னுடைய பேத்தி ஸுஹைனாவும் அந்தப் பாட்டைத்தான் வீட்டில் பாடித் திரிகிறாள், பிள்ளைக்கு அதன் பொருள் தெரியாது, கரையில் இவரைக் கண்ட பிறகு எனக்கும் இன்றைக்குத்தான் தெரிந்தது தங்கச்சி என்றார். என் மகன் எழுதியது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

போன செவ்வாய்க்கிழமை அப்பா விடியலில் தானாக எழும்பிக் குளித்துவிட்டு வந்து அடுப்படியில் என் பக்கத்தில் இருந்தார். தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அந்தக் காலத்தில் நான் இப்படியா சொன்னது என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை மகன். குடித்தது ஞாபகம், கரை ஞாபகம், நீ வந்து தூக்கினது ஞாபகம், வாயில் இருந்து வந்த சொல் ஒன்றும் ஞாபகம் இல்லை. உன்னுடைய பாட்டில்தான் தன் சொல்லை முதன்முதலில் கேட்டிருக்கிறார். பொய் சொல்ல மனம் வராமல் ஓம், அப்படித்தான் சொன்னீங்க, ஒவ்வொரு நாளும் சொன்னீங்க என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பிடியெண்டா அப்ப வந்திருப்பாளோ எண்டுதான் திரும்பக் குடிச்சிப் பாத்தன்கா. இவ்வளவு நாளும் பாத்தன். எனக்கு அவள் வரல்ல."

இன்னொன்றும் சொன்னார்.

"அவனுக்கு வாறாளோ எண்டு கேட்டு எழுது."

அதுவரைக்கும் உன்னிடம் எனக்குப் பெரிய கோபம் இருந்தது. தகப்பனுடைய அழுகையை எடுத்து ஊர் ஆடக் கொடுத்துவிட்டான், இந்தப் பிள்ளையையா நான் பெற்றேன் என்றெல்லாம் நினைத்தேன், இந்தக் கடிதத்தையும் அந்தக் கோபத்தில்தான் எழுத இருந்தேன். அப்பா அப்படிக் கேட்ட பிறகு எனக்கு வேறு பயம் வந்துவிட்டது. மேனுகாவின் மாமியார் வீட்டுக்குப் போய் அவளுடைய போனை வாங்கி அந்தப் பாட்டைத் தனியாக இருந்து திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்பா சொன்ன மகள் என்ற சொல்லையும் உன்னால் வைக்க முடியவில்லை. தங்கச்சி என்றும் எழுத முடியவில்லை. அவள் என்று எழுதி, காதலிதான் என்று எல்லோரும் நினைக்க விட்டிருக்கிறாய். அந்த வரியைப் பாடி முடித்ததும் நீ சிரிக்கிறாய், அது உன்னுடைய சிரிப்பு இல்லை மகன். சிரிப்புக்குப் பிறகு ஒரு இருமல் கேட்கிறது. உன்னைப் பெற்றவளுக்கு உன் இருமல் தெரியும், இது குளிர் பிடித்த இருமல் இல்லை.

அப்பா செவ்வாய்க்கிழமையில் இருந்து குடிக்கவில்லை. தோணியை நிமிர்த்தி ஓட்டைகளுக்குப் பிசின் வைத்துக்கொண்டிருக்கிறார். இது நிலைக்குமா என்று நான் சொல்லமாட்டேன், மேனுகாவும் இன்னும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் வாவிக்கரையில் இருந்து வந்ததும், எழுதினாயா என்று கேட்கிறார், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்கிறேன்.

பாட்டை நிறுத்து என்று நான் கேட்கவில்லை, அது இனி உன் கையிலும் இல்லை. இனிமேல் எழுதுவதை, அந்தப் பொடியன்களில் ஒருவன் போத்தலைத் திறந்துகொண்டு கேட்பான் என்று நினைத்து எழுது. ஹோட்டல் சமையலறை வேலை முடிந்து யாரோடு இருக்கிறாய், தனியாகக் குடிக்கிறாயா, இதற்குப் பதில் எனக்கு வேண்டும். பிள்ளையார் உன்னைக் கைவிடமாட்டார், தலைக்கு மேல் கை வைத்து ஆசீர்வதித்தேன் என்று நினைத்துக்கொள். சளிக்கு இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் குடி, அங்கே எல்லாம் விற்கிறது என்று நீயே சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை போன் எடு, மருமகனுடைய போனைச் சனிக்கிழமையே வாங்கி வீட்டில் வைத்திருப்பேன், போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல். அவர் கேட்பதற்கு உண்மையைச் சொல். பொய் சொல்ல வேண்டும் என்றால் பிறகு என்னிடம் சொல்லிக்கொள்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா
க. கண்ணகை