கடலுக்குப் போகாத பழங்கள்

மார்ச் 4
சாய ஆலைக்காரர்கள் இரண்டாவது கழிவுக் குழாய்க்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். 15ஆம் தேதி விசாரணை. ‘நீர் வற்றும் நேரத்தில் திறந்துவிட்டால் எல்லாம் கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போய்விடும்’ என்கிறது விண்ணப்பம். போகுமா? முப்பது வருடம் நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் உட்கார்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. சேற்றில் மட்டி பொறுக்கும் பெண் இன்று கால்களைக் காட்டினாள். முழங்கால் வரை புண்.

மார்ச் 6
பன்னிரண்டு ஆரஞ்சு வாங்கி மேலே எண் எழுதினேன். பாதி மூழ்கி மிதக்கும், காற்று தள்ளாது.
“பேத்திக்கு ஒண்ணு வாங்கித் தர மனசில்ல, ஆத்துக்கு ஒரு டஜனா?” என்றாள் மனைவி.
காலை 6.10க்கு நீர் இறங்கத் தொடங்கியதும் ஆலையின் பழைய குழாய் வாயருகே போட்டேன். கரையோரமாகவே கூட நடந்தேன். மதியம் முகத்துவார மணல்திட்டு வரை போயின. தாண்டவில்லை. கடல் ஏற ஆரம்பித்ததும் அப்படியே திரும்பின.
மாலையில் மட்டிக்காரப் பெண் கூடையோடு வந்தாள். “பெரியவரே, உங்க பழம் எங்க சேத்துக்கே வந்து ஒதுங்கிடுச்சு. பத்து இருக்கு. ரெண்டை ஆடு தின்னுடுச்சு. நம்பர் போட்டா அதுக்குப் படிக்கவா தெரியும்?”
அவள் சிரித்தாள். எனக்கு வரவில்லை. பழம் அங்கே வருகிறது என்றால் சாயமும் —

மார்ச் 7
ஒரே நாள், பன்னிரண்டு பழம். இதெல்லாம் ஆதாரமா?

மார்ச் 8
மறுபடி போட்டேன். ஒன்பது திரும்பின.

மார்ச் 9
நான் வேலை பார்த்த அலுவலகம் போனேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர் இப்போது அதிகாரி. “சார், பதினெட்டு வருஷ ரெக்கார்டு இருக்கு. ஒரு தடவகூட அளவு மீறல. நீங்க ஆரஞ்சுப் பழத்தக் காட்டுறீங்களே!”
பதிவேட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு மாதிரியும் கடல்நீர் முழுக்க ஏறி நிற்கும்போது எடுத்தது. அப்போது கழிவு நீர்த்துப்போயிருக்கும், சுத்தமாகத்தானே தெரியும்? ஏன் இந்த நேரத்தில் மட்டும் என்று கேட்டேன்.
“நீங்க போட்ட விதிதான் சார். வத்தும்போது படகு சேத்துல மாட்டிக்குதுன்னு எழுதி வச்சீங்களே.”
கையெழுத்து என்னுடையதுதான்.

மார்ச் 10
படகு மாட்டக் கூடாதேன்னு யோசிச்சேன். தண்ணியப் பத்தி யோசிக்கவே இல்ல. பதினெட்டு வருஷம்! மடையன்.

மார்ச் 11
மனைவியிடம் சொன்னேன்.
“அப்ப தப்புன்னு எழுதிக் குடுங்க.”
“மானம் போயிடும்டி.”
“அந்த மட்டிக்காரப் பொண்ணுக்குக் காலே போகுது.”

மார்ச் 15
விசாரணையில் எழுந்து நின்றேன். தாளைப் பிரித்தேன். விதி என்னுடையது, தவறானது, அது காட்டிய சுத்தம் பொய் என்று வாசித்தேன். ஆலை வக்கீல், “ஐயாவுக்கு வயசாயிடுச்சு” என்றார். ஆகித்தான் விட்டது. ஆனாலும் விசாரணையைத் தள்ளிவைத்து, நீர் வற்றும்போதும் மாதிரி எடுக்க உத்தரவிட்டார்கள்.

மார்ச் 24
நீர் வற்றும் நேர மாதிரியில் சாயக் கழிவு அனுமதித்த அளவைப்போல ஒன்பது மடங்கு. உடனே நடவடிக்கையும் எடுத்துவிட்டார்கள் — மட்டி எடுக்கத் தடை! பழைய குழாய்? ‘பரிசீலனையில்.’ இவர்களை என்ன செய்வது?
அவள் வாசலில் வந்து நின்றாள். “குழாய மூடச் சொன்னீங்க. என் கூடைய மூடிட்டாங்க.”
உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

மார்ச் 27
காலை பத்து மணியிலிருந்து அலுவலக பெஞ்சில் நானும் அவளும். பழைய குழாயை மூடச் சொல்லும் மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. அதிகாரி கூட்டத்தில் இருக்கிறாராம். மூன்று மணிக்கு எழுத்தர் வந்து, “நாளைக்கு வாங்க சார். இந்த வயசுல எதுக்கு வீண் அலைச்சல்?” என்றார்.
“இருக்கட்டும். அவர் வர்ற வரைக்கும் இங்கதான் இருப்போம்.”
அவள்தான் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது நான்தான்.