தறி நிற்கும் நாளில் வந்த துணை மேயர்

2004 ஜனவரி 21, தை அமாவாசை. காலை பத்தரை மணி. நம் தெருவில் ஓடுகிற தறி: பூஜ்யம். அமாவாசையன்று இங்கே யாரும் தறிக்குழியில் இறங்குவதில்லை. சத்தமில்லாத தெருவில் உங்கள் வீட்டு வடை வாசனை என் பிரௌசிங் சென்டர் வரை வருகிறது. இந்த வருஷம் இலை போடுவது உனக்கு. சும்மா முகர்ந்துகொண்டு உட்கார முடியவில்லை. எழுதுகிறேன்.

நம் குழுத் தலைவர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். "பேர அனுப்பிட்டியாபா?" என்கிறார். எந்தப் பெயர் என்று சொல்கிறேன். அதற்கு முன், உனக்குத் தெரிந்த கதையை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேள்.

நாடுகளுக்குத் தூதரகம் உண்டு. நம் நெசவாளர் தெருக் குழுவுக்கு இருந்தது பட்டுக்கடை வைத்திருக்கிற ஒரு தலைவர், பாண்டிச்சேரியில் நீ படித்த பிரெஞ்சு, என் மோடம். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பிரான்சில் ஒரு பட்டு ஊரோடு இரண்டு வருஷம் மெயில் எழுதினோம். இரண்டு ஊருக்கும் நட்பு ஒப்பந்தம் கையெழுத்தானால் அவர்கள் பட்டுத் திருவிழாவில் வருஷா வருஷம் நம் தெருவுக்கு ஒரு கடை. நம் புடவை நம் பெயரிலேயே விற்கும். "ஊருக்கு ஊர் பொண்ணு பாக்கற மாதிரிடா இது" என்பாய்.

போன வருஷம் பார்க்க வருவதாக இருந்த அவர்கள் துணை மேயர் அம்மாவுக்கு விமானம் தாமதம். ஒரு நாள் தள்ளி வந்தார். அது அமாவாசை.

"ஒரே ஒரு தறிய அரை மணி நேரம் ஓட்டுங்கடா, போதும்" என்றேன். தலைவரும், "ஒரு நாள் ஓட்டினா சாமி கண்ணக் குத்திடுமா?" என்றார். நீ போய்த் தறியைத் துணியால் மூடினாய்.

உங்கள் வீட்டில் தறிக்குப் பக்கத்தில் மேசை, அதன்மேல் இரண்டு மொழியிலும் நான் அச்சடித்த ஒப்பந்தம். அந்த அம்மா பேனாவைத் திறந்தார். பிறகு தறியைக் காட்டி, உட்காரலாமா என்று சைகையில் கேட்டார். தலைவர் தறியை மூடியிருந்த துணியை இழுக்கப் போனார். நீ குறுக்கே நின்றாய்.

"நவுருப்பா, அந்தம்மா பாத்துக்கினு இருக்குது."

"பாக்கட்டுங்க. இன்னிக்கி இதுல யாரும் ஒக்காரக்கூடாது. நானுந்தான்."

அப்புறம் அவரிடம் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னாய். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிக் கைப்பையில் போட்டார்.

கார் போனதும் உன் சட்டையைப் பிடித்தேன். "இன்னாடா சொன்ன?"

"தறிக்கு லீவுன்னேன்."

"அதுக்கா இவ்ளோ நேரம்?"

"ஒங்களுக்காக இன்னிக்கி ஓட்டிக் காட்டினா, அப்புறம் நாங்க போடற கையெழுத்தையும் நம்பாதீங்கன்னேன்."

"ரெண்டு வருஷ வேலைய ஒரே வாயில காலி பண்ணிட்ட!"

"முசரவாக்கத்துல ஏர் ஓட்டற வூட்டுப் புள்ள ஒன்கிட்ட தறியப் பத்திப் பேசினா இப்படித்தான்பா. வா, வடை ஆறிப்போவுது."

கோபத்தோடுதான் தின்றேன்.

ஐப்பசியில் திருப்புட்குழி தாண்டி லாரி மோதி நீ போனாய். அதுவரை பிரான்சிலிருந்து ஒரு வரி பதில் இல்லை. போன வாரம் வந்தது. கையெழுத்துப் போடத் தயாராம். திருவிழாவுக்கு ஒருவரை அனுப்ப வேண்டுமாம். யாரை? அன்று தறிக்குக் குறுக்கே நின்றவரை.

தலைவர் தன் மருமகன் பெயரை அனுப்பச் சொல்கிறார். "வேட்டி கட்டினா எல்லாம் ஒண்ணுதான்பா. அந்தம்மாவுக்கு மூஞ்சியா ஞாபகம் இருக்கப்போவுது? நெசத்தச் சொன்னா அழைப்பே பூடும்."

அழைப்பு போனாலும் போகலாம். அந்தக் கடையை நம்பிப் பட்டு நூல் வாங்கி வைத்திருக்கிற வீடுகள் எனக்கும் தெரியும்.

நீ செய்தது சரி என்று இன்னமும் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் பேனாவைத் திறப்பதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மருமகன் பெயரைத் தட்டச்சு செய்ய விரல் மறுக்கிறது. உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இதுதான் போலிருக்கிறது.

இனி செய்யப்போவது:

1. தலைவருக்குப் போன்: முடியாது.
2. உங்கள் வீட்டுக்குப் போய், உனக்குப் படைத்த பிறகு அங்கேயே சாப்பாடு.
3. துணை மேயருக்கு மெயில்: குறுக்கே நின்றவன் இறந்துவிட்டான். அவன் என்று சொல்லி வேறு ஆளை அனுப்ப மாட்டோம்.
4. மூன்றாவது வேலை நாளைக்கு. இன்று கம்ப்யூட்டருக்கும் லீவு.