தேயிலைத் தண்ணீரும் அம்மாவின் ரத்தமும்

1958, மாசி மாதம்

அன்பு மகன் சுருளிவேலுக்கு, பள்ளிவாசல் எஸ்டேட் அப்பன் பெரியமுத்து தன் கையாலேயே எழுதுவது. நீயும் மருமகள் அழகுத்தாயும் பம்பாயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நான் நலம். அம்மாவும் நலம் என்று அடுத்த வரி எழுத ஆசைதான், முடியவில்லை. இத்தனை காலம் கணக்கப்பிள்ளைதான் நமக்குக் காகிதம் எழுதினார். இப்போது பிச்சைமணி வாத்தியார் நடத்தும் முதியோர் வகுப்பில் படித்து நானே எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் நிறுத்தி, இது நான் எழுதியதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷம். முதல் காகிதத்துக்குக் கிடைத்த சேதிதான் இப்படி.

அம்மாவுக்கு ஐப்பசியிலிருந்தே திடீர் திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலி, நெஞ்சு படபடப்பு, குளிரிலும் வேர்வை. கொழுந்து கிள்ளும்போதே முகம் வெளுத்து உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஏதோ பயந்த கோளாறு என்று காளிச்சாமி கோடாங்கி வேப்பிலை அடித்தார். நிற்கவில்லை. எஸ்டேட் டாக்டர், ரத்தக் கொதிப்பு ஏறி ஏறி இறங்குகிறது, இது வேறு வியாதி என்று மலைக்குக் கீழே மிஷன் ஆசுபத்திரிக்கு அனுப்பினார். அங்கிருந்துதான் இதை எழுதுகிறேன். இங்கே இருக்கும் டாக்டரம்மா, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல ஒரு சுரப்பி உண்டு, அதில் கட்டி இருக்கலாம், பயந்தால் உடம்பில் ஊறுகிற சாறு அந்தக் கட்டியிலிருந்து சும்மாவே ரத்தத்தில் கலக்கிறது என்றார். அட்டைக்கும் யானைக்கும் பயப்படாதவள் உன் அம்மா. அவள் ரத்தத்திலா பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதைக் கண்டுபிடிக்க வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, ஐஸில் வைத்துப் பட்டணத்துக்கு அனுப்ப வேண்டுமாம். முதல் தடவை எடுத்த பிறகுதான், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று டாக்டரம்மா கேட்டார். "நான் எங்கம்மா சாப்புட்டேன்? தேயிலைத் தண்ணிதான் ரெண்டு டம்ளர் குடிச்சேன்" என்றாள் அம்மா. நம் லயத்து வரிசை வீடுகளில் மாரியம்மன் விரதத்துக்கே தேயிலைத் தண்ணீர் குடிப்போமே, அதை யார் சாப்பாட்டில் சேர்த்தார்கள்? எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். தேயிலை சேர்ந்தால் சோதனையை நம்ப முடியாதாம், அந்த ரத்தம் வீண். "மாரியாத்தா ஒத்துக்கிட்டா, இந்தக் கண்ணாடிக் குழா ஒத்துக்கலையாக்கும்" என்று அம்மா முணுமுணுத்ததில் டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். அப்புறம் அம்மாவைத் தேயிலை இல்லாமல் படுக்கப் போட்டு, வலி வருகிறதா என்று காத்திருந்தோம். வலி வர வேண்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருப்பதைப் போல ஒரு கொடுமை இல்லை மகனே. வந்த உடனே ரத்தம் எடுத்தார்கள்.

நேற்றுப் பதில் வந்தது. கட்டிதான். அறுத்து எடுக்க வேண்டும். டாக்டரம்மா என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, கட்டியில் கை பட்டால் சாறு மொத்தமாக இறங்கும், மேசையிலேயே உயிர் போனாலும் போகும், எடுக்காவிட்டால் எப்படியும் இருக்கமாட்டாள் என்றார். சம்மதத்துக்குக் கைநாட்டு வைக்க நர்சம்மா மைப்பெட்டியை நீட்டினாள். நான் பேனாவை வாங்கி என் பேரை எழுதினேன். ஒரு காரியத்துக்கு நான் முதன்முதலில் கையெழுத்துப் போட்டது அதற்குத்தான்.

அம்மாவிடம் சின்னக் கட்டி, எடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன். பங்குனி பிறந்ததும் அறுப்பார்கள். லீவு கிடைத்தால் அதற்குள் வந்துவிடு. வந்தால் மருமகள் மலைக் குளிரில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். உங்கள் இருவரையும் மாரியாத்தா காக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. உன் பதில் வந்தால் நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். எனக்கு இன்னும் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்தால்தான் படிக்க வரும். நான் எதைப் படித்தாலும் அம்மா என் வாயைப் பார்ப்பதில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் தாண்டிப் போக வேண்டிய வரி எதையும் எழுதிவிடாதே.

உன் அப்பன்,
பெரியமுத்து