சகலைக்குப் போன சிங்கப்பூர் ஆர்டர்

ஆவணி 14, இரவு.

சிங்கப்பூர்க் கல்யாணத்துக்கு மல்லிகை அனுப்பும் ஆர்டர் இன்று என் சகலை முருகேசனுக்குப் போய்விட்டது. போன வாரம் முதலில் என்னைத்தான் கேட்டார்கள். பூ விரியாமல் மொட்டாகவே வந்து சேர வேண்டும் என்றார்கள். மதுரையில் விமானம் கிளம்பும் நேரத்தை அங்கே இறங்கும் நேரத்திலிருந்து கழித்துப் பார்த்தேன். ஆறரை மணி நேரம் வந்தது. பெட்டிக்குள்ளேயே விரிந்து என் பேர் கெட்டுப்போகும் என்று மறுத்துவிட்டேன்.

சாயங்காலம் முருகேசன் வீட்டுக்கு வந்தான்.

"சகல, அங்க கடிகாரம் நம்மளவிட ரெண்டரை மணி முன்னால ஓடுது. தூரம் மூவாயிரம் கிலோமீட்டர். பிளேன் நாலு மணி நேரத்துல போயிரும். இம்புட்டுதான் கணக்கு" என்று சிரித்தான்.

அவன் பூ வியாபாரத்துக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. என் மனைவி வேறு காப்பியை அவன் கையில் கொடுத்துவிட்டு, "என் தங்கச்சி குடுத்துவச்சவ" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

அவனும் சும்மா வரவில்லை. அவ்வளவு மொட்டுக்கு அவனிடம் வழியில்லை. வடமதுரைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எனக்குத்தான் பூப் போடுகிறார்கள்.

"கிலோ எம்புட்டுன்னு சொல்லு சகல."

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நாளைக்கே நேராகத் தோட்டத்துக்குப் போய் நிற்பான். தோட்டக்காரர்களுக்கும் அவன் தெரிந்த ஆள்தானே.

பேசி முடித்தோம். சந்தை விலைக்கு மேல் கிலோவுக்கு நூறு ரூபாய், பணம் முன்கூட்டியே. பூ என்னுடையது. பெட்டியின் மேல் அவன் கடைப் பேர்.