பத்திலிருந்து நான்குக்கு இறங்கிய வலி

அனுப்புநர்:
கா. சௌந்தரநாயகி (வயது 52),
க/பெ. காயாரோகணம்,
மீன் வியாபாரம்,
மீனவர் காலனி, நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

பொருள்: கட்டைவிரல் அறுவை சிகிச்சை – என் வலி குறைவாகப் பதிவாகி சிகிச்சை மறுக்கப்பட்டது – திருத்தி உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கீழ்வேளூர் சந்தையில் மீன் விற்று, கேட்பவர்களுக்குச் செதில் சீவி அறுத்துக் கொடுத்துப் பிழைப்பவள். என் வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. போன மாதம் கத்தி நழுவி, நடவு ஆட்களுக்குச் சமைக்க மீன் வாங்க வந்த ஓர் அம்மாவின் காலில் விழுந்தது. நல்லவேளை, செருப்பு போட்டிருந்தார். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்த எலும்பு மருத்துவர் ஆபரேஷன் செய்யலாம் என்றார்.

2. அதற்குமுன் சில கேள்விகள் கேட்பார்கள், பதில்களை வைத்து ஆபரேஷன் பலன் தருமா என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லிவிடும் என்றார்கள். பதில்களைக் கம்ப்யூட்டரில் பதியும் சுவேதா என்ற பெண் கேட்டார். நல்ல பெண், அவர்மீது எனக்குப் புகார் இல்லை.

3. "வலி பத்துக்கு எத்தனைம்மா?" என்றார். பத்து என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். ஐயா, காலமெல்லாம் மீன் ஏலத்தில் நின்றவளிடம் அப்படிச் சொன்னால், குறைத்துக் கேட்கிறார் என்றுதான் புரியும். எட்டு என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஆறு என்றேன். "உறுதியாவா?" என்றார். "நாலு. இதுக்குக் கீழ கட்டாதும்மா" என்று முடித்தேன். நான்கு பதிவானது.

4. மட்டை பிடித்துப் பந்தடிப்பதில் சிரமம் உண்டா என்றார். நான் அடித்ததே இல்லை. ஆகவே சிரமம் இல்லை என்றேன். அதுவும் என் விரலுக்கு நற்சான்றாகிவிட்டது.

5. வாழ்க்கையில் திருப்தியா என்ற கேள்விக்கு நான் வாய் திறப்பதற்குள், பக்கத்திலிருந்த என் கணவர், "இவளுக்கு எதுலயும் திருப்தி வராதுங்க, கட்டின நாள்லேருந்து பாக்குறேன்" என்றார்.

6. முடிவு வந்தது: வலி குறைவு, கை நன்றாக இயங்குகிறது, ஆபரேஷன் செய்தாலும் நோயாளி திருப்தியடைய வாய்ப்பில்லை, எனவே தேவையில்லை. மருத்துவர் எக்ஸ்ரேயையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "மூட்டு போயிடுச்சு. ஆனா நீங்க நல்லா இருக்கீங்கன்னு வருதே" என்றார். பதிலை மாற்றச் சொன்னேன். ஆறு மாதம் கழித்துத்தான் மீண்டும் கேட்பார்களாம்.

7. இப்போது என் கணவர்தான் மீன் அறுக்கிறார். வலை இழுக்கத் தெரிந்த மனிதருக்கு வஞ்சிரத்தைத் துண்டு போடத் தெரியவில்லை. குழம்புக்குக் கேட்டவருக்கு, மீன் புட்டுக்கு ஆகும்படி சிதைத்துக் கொடுத்தார். வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போகிறார்கள். நேற்று கடை கட்டும்போது என் விரலைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து, "நான்தான் வாயைக் குடுத்துக் கெடுத்துட்டேன் சௌந்தரம்" என்றார். அவர் பிடித்த பிடியில் எனக்கு உயிர் போனது. ஆனாலும் கையை எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. தான் சொன்னதைத் திரும்பப் பெறுவதாக அவர் எழுதிய தாளை இணைத்துள்ளேன்.

ஆகவே, என்னை மறுபடி கேள்வி கேட்காமல், எக்ஸ்ரேயைப் பார்த்து அறுவை சிகிச்சை செய்ய ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதன்பின் நான் திருப்தியாக இருப்பேனா என்று அரசு கவலைப்பட வேண்டாம். விரலைச் சரிசெய்து கொடுத்தால் போதும். திருப்தியை நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்கிறோம்.

நாள்: 11.08.2025
இடம்: நாகப்பட்டினம்

சந்தைக்குத் திரும்பக் காத்திருக்கும்,
கா. சௌந்தரநாயகி
(இடது கையால் இட்ட கையொப்பம்)